படியைக் குறைத்த தளவாய்

விழிஞ்ஞத்திலிருந்து பஸ் ஏறித் தலைநகருக்கு வேலைக்கு வரும் நம் தொழிலாளர்களும், திருவனந்தபுரம் அலுவலகங்களில் பணியாற்றும் குமாஸ்தாக்களும் தலைமைச் செயலகத்தின் முன் நிற்கும் வேலுத்தம்பி தளவாயின் சிலையை அறிவார்கள். அவர் பிறந்த தலக்குளம் இன்று தமிழ்நாட்டின் குமரி மாவட்டத்தில் இருக்கிறது. 1809 ஜனவரியில் குண்டறையில் வெள்ளையருக்கு எதிராகப் பிரகடனம் செய்த வீரர் அவர். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் 1804-ல் திருவிதாங்கூர்ப் படையே அவருக்கு எதிராகத் திரும்பியது என்பது அதிகம் பேசப்படாத வரலாறு.

1799-ல் ஊழல் அமைச்சர்களை எதிர்த்துக் கிளம்பிய மக்களின் தலைவராக அரண்மனை வாசலுக்கு வந்தவர் அவர். தளவாய் ஆனபின் நிர்வாகத்தில் ஒழுங்கு வந்தது. கூடவே அச்சமும் வந்தது. உடல் உறுப்புகளை அறுக்கும் தண்டனைகள் சாதாரணமாயின. அதிகாரிகள் அவர் பெயரைக் கேட்டு நடுங்கினர். நடுக்கத்தை விசுவாசம் என்று எண்ணிவிட்டார் தளவாய்.

சிக்கனத்தின் பெயரால் அவர் நாயர் படையினரின் படியில் கை வைத்தார். படியின் அருமை மாதச் சம்பளக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான வீரர்கள் தலைநகரை நோக்கித் திரண்டனர். தளவாயை நீக்க வேண்டும், கம்பெனியின் உறவை முறிக்க வேண்டும் என்பவை அவர்களின் கோரிக்கைகள். தளவாய் அவர்களை அழைத்துப் பேசவில்லை. கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த மெக்காலேயின் துணையை நாடினார். கலகம் அடக்கப்பட்டது. தலைவர்கள் கொடூரமாகக் கொல்லப்பட்டனர்.

அந்த உதவிக்கு விலை உண்டு. 1805 உடன்படிக்கைப்படி திருவிதாங்கூர் கம்பெனிக்கு ஆண்டுதோறும் எட்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று. வீரர்களின் படியில் மிச்சம் பிடிக்கப் போய் நாடே கடனாளியானது. பாக்கி ஏறியது. மெக்காலே நெருக்கினார். 1808 டிசம்பரில் தளவாய் அதே மெக்காலே மீது பாய்ந்தார். 1804-ல் வீரர்கள் கேட்டதும் கம்பெனியின் உறவை முறிப்பதைத்தானே! நான்காண்டு தாமதித்து அவர் அந்த வழிக்கு வந்தபோது காலம் கடந்துவிட்டது. 1809 பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்தது. மன்னரும் கைவிட்டார். மண்ணடியில் தளவாயின் உயிர் பிரிந்தது.

இது பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. பிலிப்பைன்ஸின் மார்க்கோஸ் இருபதாண்டுகள் ஆண்டார். இளம் ராணுவ அதிகாரிகளின் குமுறலை அவர் பொருட்படுத்தவில்லை. 1986 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சரும் துணைத் தளபதியும் எதிர்ப்புக் கொடி உயர்த்தினர். மக்கள் அவர்களைச் சூழ்ந்து காவல் நின்றனர். சில நாட்களில் மார்க்கோஸ் நாட்டைவிட்டே ஓட நேர்ந்தது.

கட்டளைக்குக் கீழ்ப்படிகிறவனுக்கும் வயிறு உண்டு, மானம் உண்டு. அவனுடைய முறையீடு ஆட்சியாளருக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. அதைக் காது கொடுத்துக் கேட்பது பலவீனம் ஆகாது. வேலுத்தம்பியின் வீரத்தைப் போற்றுவோம். படை குமுறியபோது அவர் செய்த தவற்றையும் மறவாதிருப்போம்.