உரம் எது, எரு எது?

'உரம்' என்றாலே இப்ப நமக்கு யூரியா மூட்டைதான் ஞாபகம் வருது. ஆனால் வலிமை, மனத்திண்மை என்ற பொருளும் அதற்கு உண்டு. மார்பைக் குறிக்கும் 'உரம்' வேறு. அது வடமொழி 'உரஸ்' வழி வந்தது. கைக்குழந்தைக்குச் சுளுக்குப் பிடித்தால் 'உரம் விழுந்திருச்சு' என்பார்களே, அது இன்னொன்று.

வள்ளுவர் ஊக்கமுடைமையில் மனவலிமையை 'உரம்' என்கிறார். உழவு அதிகாரத்தில் நிலத்துக்கு இடுவதை 'எரு' என்கிறார்.

வங்கியில் பயிர்க்கடன் கொடுத்த காலத்தில், உரச்செலவு என்றால் நான் கடை ரசீதுதான் கேட்பேன். விவசாயி வீட்டுக் குப்பைமேட்டைக் கணக்கில் சேர்த்ததே இல்லை. அது என் தப்பு.

நாம் போடுவதை எரு என்றே சொல்வோம். சாணமும் தழையும் மட்கி, மண்ணுக்கு வருகிற வலிமைதான் உரம். அதை எந்தக் கடையிலும் மூட்டையாக வாங்க முடியாது.