பிடித்த வரியைத் திரும்பப் பெறத் தரகர் எதற்கு?

காட்டுப்பள்ளி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் நிலத்தைக் கொடுத்துவிட்டு, கிடைத்த பணத்தை வங்கியில் போட்டு வட்டியில் காலம் தள்ளும் விவசாயிகள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் (மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம்) வங்கி 100க்கு 10 வீதம் வரி பிடிக்கிறது. பான் எண் கொடுக்காவிட்டால் 20. மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருப்பவருக்கு இது முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டிய பணம். இதை வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் தரகர்கள் பங்கு கேட்கிறார்கள்.

10 லட்சம் ரூபாய்க்கு 7 சதவீத வட்டி 70,000. பிடித்த வரி 7,000. தரகர் ஐந்தில் ஒரு பங்கு கேட்டால் 1,400 போய்விடும். வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தவனுக்கு விளைச்சலில் பங்கு கொடுப்போமா?

பணம் அதிகம் வரும் என்று ஆசை காட்டுபவரிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. கமிஷனுக்காகப் பொய்க் கழிவுகளைக் காட்டிப் படிவம் தாக்கல் செய்தவர்கள் தொடர்பாக, 2025 ஜூலை 14ல் வருமான வரித் துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதில் உண்டு. சில தரகர்கள் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுத்து, பிறகு கைவிட்டதால், துறையின் நோட்டீஸ் உரியவர் கண்ணில் படவேயில்லை. தரகர் மறைந்துவிடுவார், படிவத்துக்குப் பொறுப்பு உங்களுடையது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை:

1. வரி வராதவர்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே வங்கியில் உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் வரி பிடிக்கமாட்டார்கள். வருமுன் காப்பதே சிறந்தது.

2. பிடித்துவிட்டால், துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் படிவம் தாக்கல் செய்யலாம். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே நேராக வரும்.

3. உதவி தேவையானால் கூலியை முன்கூட்டியே ரூபாயில் பேசுங்கள், பங்கு பேசாதீர்கள். கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்.

4. நில இழப்பீட்டில் வரி பிடித்திருந்தால், எந்தச் சட்டத்தின்கீழ் நிலம் எடுக்கப்பட்டது என்று தீர்ப்பாணையைப் பாருங்கள். 2013ம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் 96வது பிரிவு இழப்பீட்டுக்கு வருமான வரி விலக்கு தருகிறது.

தரகரைக் குறை சொல்வதோடு நிற்பது போதாது. படிவம் தெரியாததால்தான் விவசாயி அவரிடம் போகிறார். மண் பரிசோதனைக்கு முகாம் நடத்துவதுபோல், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கங்களில் ஆண்டுக்கு ஒரு நாள் வரிப் படிவ முகாம் நடத்த வருமான வரித் துறை முன்வர வேண்டும். நிலத்தை இழந்தவர் அதன் வட்டியிலும் பங்கு இழப்பது நியாயமல்ல.