குடும்பத்துக்கு ஏற்ற விடுதி: யாருடைய குடும்பத்துக்கு?

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் பெருமுக்கல், மரக்காணம், திண்டிவனம் வட்டாரத்து உறவினர் வாட்ஸ்அப் குழுக்களில் கேளிக்கைப் பூங்காக்களின் விளம்பரங்கள் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறக்கப்பட்டபின் கேட்கவே வேண்டாம். உப்பளத்து வெயிலில் ஆண்டு முழுவதும் காய்கிற ஊர், ஒரு நாள் நீரில் நனைய விரும்புவதில் குற்றமில்லை. கேளிக்கை என்றாலே முகம் சுளிப்பவர்களோடு நமக்கு உடன்பாடும் இல்லை.

நம் வழக்கு, தேர்ந்தெடுக்கும் முறையோடுதான். வீட்டுத் தலைவர் எதைப் பார்க்கிறார்? சவாரிகள் எத்தனை, அறை வாடகை எவ்வளவு, காலைச் சிற்றுண்டி உண்டா. அங்கே போன பிறகு தந்தையும் மகன்களும் அலைக்குளத்தில் ஆடுகிறார்கள். தாயும் பருவமெய்திய மகளும் கரையில் பைகளுக்குக் காவல் இருக்கிறார்கள். அந்தக் காவலுக்கும் நுழைவுக் கட்டணம் கட்டியாயிற்று!

அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியபோது, நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைத் தம் மேலாடையால் மறைத்து நின்று, அவர்களே போதுமென்று சலிக்கும்வரை பார்க்க வைத்தார்கள். அன்னையோடு ஓட்டப்பந்தயமும் ஓடினார்கள். மறைப்பும் மகிழ்ச்சியும் அங்கே ஒன்றாக இருந்தன. நாமோ மறைப்பைப் பெண்களுக்கும் மகிழ்ச்சியை ஆண்களுக்கும் பங்கு பிரித்துக்கொண்டோம். இதற்குப் பேணுதல் என்று பெயர் வேறு!

ஆகவே முதற் கேள்வி நீரைப் பற்றியதாகட்டும். பல பூங்காக்களில் பருத்தி ஆடையோடு குளத்தில் இறங்க விடுவதில்லை. உடல் முழுவதும் மறைக்கும் நைலான் நீச்சலுடையை ஏற்பார்களா? பெண்களுக்கெனத் தனிக்குளமோ தனி நேரமோ உண்டா? உடை அனுமதிக்கப்பட்டாலும், ஆண்கள் நிறைந்த குளத்தில் நனைந்த ஆடையோடு நிற்பதற்கு நம் பெண்கள் பலர் ஒப்பார். ஒப்பவேண்டிய கட்டாயமும் இல்லை. எனவே இரண்டாவது கேள்வியே பெரிது.

அடுத்தது தொழுகை. பூங்காவோடு ஒட்டிய விடுதிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதை வீண்செலவு என்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெங்களூருக்கு அப்பால் பிடதியில் உள்ள வொண்டர்லாவில் பூங்கா 2005இல் வந்தது, விடுதி 2012இல் சேர்ந்தது. அப்படிப்பட்ட இடத்தில் தங்கினால் லுஹருக்கும் அஸருக்கும் அறைக்குத் திரும்பலாம். ஈர உடை மாற்றி, ஒளுச் செய்து தொழலாம். பயணத்தில் கஸ்ர் நம் அனைவருக்கும் உண்டு. ஷாஃபிகள் இரு தொழுகைகளைச் சேர்த்தும் தொழுவர். ஹனஃபிகளுக்கு அந்த வழி இல்லை, ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில் ஆக வேண்டும். தொலைவில் மலிவான அறை எடுத்துவிட்டு, சவாரி வரிசையில் அஸரைக் கழித்துவிட்டு வருவது எந்தக் கணக்கில் சிக்கனம்? வெளியே போய்த் திரும்ப அதே சீட்டில் நுழைய விடுவார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உணவில் நீண்ட பேச்சு வேண்டாம். பலகையில் ஹலால் என்ற சொல் இருந்தால் போதாது. இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். விடை தடுமாறினால் சைவம் சாப்பிட்டு எவரும் மெலிந்ததில்லை.

தனி ஒரு குடும்பம் பெண்களுக்கு ஒரு மணி நேரம் கேட்டால் விடுதிக்காரர் சிரிப்பார். எட்டுப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, கூட்டமில்லாத வார நாளில் இருபது அறைகளுக்குப் பேசினால் அவரே நேரம் குறித்துக் கொடுப்பார். திருமண மண்டபத்துக்கு மூன்று நாள் பேரம் பேசத் தெரிந்த சமுதாயத்துக்கு இது கடினமா? சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். வீட்டுப் பெண்களிடம் படித்துக் காட்டுங்கள். முன்பணம் அதன் பிறகு.