மீளும் பிள்ளை

மேனாட்டிற் கல்வி நிறைவுறுந் தறுவாயில், பிள்ளை மாறிவிட்டானோ எனப் பெற்றோர் அஞ்சுவதுண்டு. மாற்றம் யாவும் இழப்பன்று. பேராசிரியர் கைலாசபதி பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திற் கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் பயின்றார். ஆங்கு ஆராய்ந்ததோ நம் சங்கச் செய்யுளை. கிரேக்க வீரப்பாடல்களோடு ஒப்பிட்டபோது நம்முடையது புதுப்பொருள் தந்தது. அவ்வாய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாயிற்று. 1974இல் அவர் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். தொலைவு அவரைத் தமிழினின்று பிரிக்கவில்லை. அதனை அணுகிக் காணும் கண்ணைத் தந்தது.

நம் லக்கலயும் மாறாதிருந்ததா? களுகங்கை நீர்த்தேக்கத்திற்காகப் பழைய நகர் நீருள் ஆழ்ந்தது. புதுநகர் திறக்கப்பட்டது. மீளும் பிள்ளை தான் நடந்த கடைத்தெருவைக் காணான். ஊர் மாறியதை அவன் பொறுத்துக்கொள்வான். அவன் மாறியதை நாம் பொறுத்தல் ஆகாதா?