அடிக்குறிப்பை மேலே கொண்டு வாங்க



இந்த இதழுக்கு வந்த ஆய்வுக் கட்டுரைகளில் மூன்று நம்ம உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றியவை. மூன்றுமே ஜனநாயகம் பிறந்த ஊர் என்றுதான் ஆரம்பிக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுப் பராந்தகன் கல்வெட்டுகள் குடவோலையில் பேர் எழுத என்ன கேட்டன? கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனை, வேத ஞானம். ஒரு வேதமும் பாஷ்யமும் தெரிந்தவனுக்கு அரைக்காலே போதும்! அது பிராமணர் சபை. இதை இரண்டு பேர் அடிக்குறிப்பில் தள்ளிவிட்டார்கள். ஒருவர் எழுதவே இல்லை.

நிலமில்லாத சேரி ஜனம் எங்கே நின்றது? அதை முதல் பத்தியில் கேளுங்க, அடுத்து சான்றை வையுங்க, பெருமையெல்லாம் இடமிருந்தால் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பினேன். ஒரு மாணவர் மட்டும் மாற்றி எழுதியிருக்கிறார். நடை கரடுமுரடுதான். அதையே போடுகிறேன்.