பக்கத்திலேயே பள்ளி... ஆனால் சீட் குலுக்கலில்!

வாசலில் நின்றால் பள்ளிக்கூட மணி கேட்கும். ஆனால், அந்த வீட்டுப் பிள்ளை காலையில் கிளம்பி ஊரின் மறுகோடியில் இருக்கும் பள்ளிக்குப் போகும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இது பழகிப்போன காட்சி. காரணம், குலுக்கல்!

அங்கே அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க, பிடித்த பள்ளிகளை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்க வேண்டும். இருக்கும் இடத்தைவிட அதிகம் பேர் கேட்டால், அண்ணனோ அக்காவோ அங்கே படிக்கிறார்களா என்பது போன்ற முன்னுரிமைகளைப் பார்ப்பார்கள். மீதியைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.

ஏன் இந்தச் சுற்றுவழி? பணக்காரர்கள் ஒரு பகுதியிலும் ஏழைகள் இன்னொரு பகுதியிலும் வாழும் ஊரில், அருகிலுள்ள பள்ளிதான் என்று விதி போட்டால் வகுப்பறையும் அப்படியே பிரிந்துவிடும். நல்ல பள்ளி இருக்கும் தெருவில் வீட்டு வாடகையே ஃபீஸ் ஆகிவிடும்.

எந்த ஓர் இனத்தவரும் ஒரு பள்ளியில் 45 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று 1983-ல் நீதிமன்றம் மூலம் அங்கே ஓர் ஏற்பாடு வந்தது. 'இடம் இருந்தும் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை' என்று சீன வம்சாவளிப் பெற்றோர் 1994-ல் வழக்குப் போட்டார்கள். 1999-ல் சமரசமாகி, இனம் பார்த்து இடம் ஒதுக்குவது கைவிடப்பட்டது.

2011-ல் வந்த குலுக்கல் முறை, கல்வியில் பின்தங்கிய பகுதிப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தந்தது. ஆனாலும் பிரிவினை குறையவில்லை. லீவு போட்டுப் பள்ளி பள்ளியாகப் போய் விசாரிக்க முடிந்தவர்களுக்கே அது அதிகம் பயன்பட்டது. இரண்டு வேலை பார்க்கும் அம்மாவுக்கு அதற்கு ஏது நேரம்? 2020 டிசம்பரில், நகரை மண்டலங்களாகப் பிரித்து, வீட்டுக்கு அருகிலுள்ள சில பள்ளிகளுக்குள் மட்டும் தேர்வு செய்யும் முறைக்கு மாறக் கல்வி வாரியம் முடிவெடுத்தது. அதை நடைமுறைப்படுத்துவதும் தள்ளிப்போனது.

தமிழ்நாட்டுப் பெற்றோருக்கும் குலுக்கல் புதிதல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவிகித இடங்களுக்கு விண்ணப்பங்கள் அதிகமானால், தனியார் பள்ளிகளில் நடப்பதும் அதுதான்.

குலுக்கலோ, பக்கத்துப் பள்ளியோ, இருக்கும் நல்ல இடங்களை யாருக்குக் கொடுப்பது என்பதைத்தான் இரண்டும் முடிவு செய்கின்றன. நல்ல இடங்களின் எண்ணிக்கை அதனால் கூடுவதில்லை. பெயர் விழாத பிள்ளையும் மறுநாள் ஏதோ ஒரு பள்ளிக்குப் போகத்தான் போகிறது. அந்தப் பள்ளியில் போதிய ஆசிரியர் இருக்கிறார்களா என்பதே பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.