மலை நகர்வது லயத்துக்குத் தெரிய வேண்டும்

2020 ஆகஸ்ட் 6 இரவு, இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்கள் போயின. தேயிலைத் தோட்டத்தின் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அவை. பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால், செய்தி வெளியே வருவதற்குள் விடிந்துவிட்டது. பாலக்காட்டில் நெம்மாறா அருகே, 2018 ஆகஸ்டில் சரிந்த மண் 10 பேரை மூடியிருந்தது.

மழைமேகத்துக்குக் கீழே நடப்பதைச் சாதாரணக் கேமரா செயற்கைக்கோளால் பார்க்க முடியாது. ரேடார் செயற்கைக்கோளால் முடியும். அது தானே நுண்ணலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்கிறது. படம் துல்லியமாக வேண்டுமானால் கிலோமீட்டர் கணக்கில் நீண்ட ஆன்டெனா தேவை. அதை யாரால் விண்ணுக்கு ஏற்ற முடியும்? ஆகவே சிறிய ஆன்டெனா ஓடும் பாதை நெடுகத் திரட்டிய எதிரொலிகளைக் கணக்கால் கோத்து, நீண்ட ஆன்டெனாவின் வேலையை வாங்குகிறார்கள். ஒரே இடத்தை இருமுறை பார்த்து அலைகளை ஒப்பிட்டால், சரிவு ஓரிரு சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் தெரிந்துவிடும்.

2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இஸ்ரேலிய ரேடாருடன் ரிசாட்-2 செயற்கைக்கோள் அவசரமாக ஏவப்பட்டது. நம் சொந்த ரேடார் 2012இல் ரிசாட்-1 உடன் போனது. எல்லை ஊடுருவலைக் கண்டுபிடிக்க நாடு காட்டிய அந்த அவசரத்தை மலைத்தோட்டங்களுக்கும் காட்ட வேண்டும் என்பதே நம் கோரிக்கை. 2024இல் வயநாட்டில் மலை சரிந்தபோதும் ரிசாட் மேகத்தைத் துளைத்துப் படம் எடுத்தது. சரிந்த பரப்பு 86,000 சதுர மீட்டர் என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அந்தத் துயரத்தின் முதலாண்டு நாளில், 2025 ஜூலை 30 அன்று, நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 12 மீட்டர் விட்டமுள்ள வலை ஆன்டெனா. நாசாவின் எல் அலைவரிசை ரேடாருடன், அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய எஸ் அலைவரிசை ரேடாரும் அதில் இருக்கிறது. எல் அலையின் நீளம் சுமார் 24 சென்டிமீட்டர். அது இலைகளை ஊடுருவித் தரையைத் தொடும் என்பதால் ஏலக்காட்டுக்கும் நெல்லியாம்பதிக் காப்பித் தோட்டத்துக்கும் பொருத்தமானது. 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பிவரும். தரவு எல்லோருக்கும் இலவசம்.

ஒரே இரவு மழையில் பிய்த்துக்கொண்டு வரும் சரிவை 12 நாளுக்கொருமுறை வரும் செயற்கைக்கோள் முன்னறிவிக்காது; செங்குத்துச் சரிவுகள் சில ரேடாரின் நிழலில் மறைந்துபோகும். இந்த ஆட்சேபம் சரியானதே. அதனால்தான் ஒவ்வொரு எஸ்டேட்டிலும் மழைமானி வேண்டும் என்கிறோம். மாதக்கணக்கில் மெல்ல இறங்கும் சரிவுகளையாவது தெரிந்தும் விட்டுவைக்க நியாயமில்லை. தேசியத் தொலையுணர்வு மையத்தின் 2023 நிலச்சரிவு வரைபடத் தொகுப்பின் அபாய வரிசையில் பாலக்காடு 5ஆவது இடத்திலும் இடுக்கி 18ஆவது இடத்திலும் இருக்கின்றன. மாவட்டத்தின் வரிசை எண், எந்த லயத்தில் படுக்கக் கூடாது என்று ஒரு தாய்க்குச் சொல்லாது.

தென்மேற்குப் பருவமழைக்கு முன், மே மாதத்துக்குள், நகரும் சரிவுகளின் பட்டியலைக் கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் லயம் வாரியாக, மலையாளத்திலும் தமிழிலும் வெளியிட வேண்டும். பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மாற்று வீடு கொடுக்கும் பொறுப்பை அரசும் தோட்ட நிர்வாகங்களும் எழுத்தில் ஏற்க வேண்டும்.